வேலைக்கு நடந்து போகிற தூரம்

2013 ஜனவரியில், பொங்கல் கழிந்த அதே வாரத்தில், பெங்களூரு ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கென்று இருந்த இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸுக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. சில நாட்களில் எல்லாம் தரைமட்டம். ஏறக்குறைய 5,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். வீட்டு வேலை செய்பவர்கள், மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள். பெரும்பாலோர் தலித்துகள், தமிழ் பேசும் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாற்று இடம் என்று காட்டப்பட்டது சூலிகுண்டே. சர்ஜாபுரா சாலையில், ஊரைத் தாண்டிய ஊர்.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கணிசமான குடும்பங்கள் போகவில்லை. இடித்த நிலத்தைச் சுற்றித் தகர வேலி போட்டார்கள் அல்லவா, அந்த வேலிக்கு வெளியே, நடைபாதையிலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தார்கள். கூரையுள்ள இடம் தருகிறோம் என்றாலும் ஏன் போகவில்லை, பிடிவாதமா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. பிடிவாதம் எதுவும் இல்லை, கணக்குதான். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பெண்கள்.

ஏழைப் பெண்களின் பொருளாதார முன்னேற்றம் என்று இந்த நாட்டில் வந்த திட்டங்களுக்குக் குறைவில்லை. கடன், மானியம், தையல் மெஷின், சுயஉதவிக் குழு, இலவசப் பேருந்து, மாதத் தொகை. ஈஜிபுரா போன்ற ஒரு பேட்டையில் நின்று அவற்றைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. இந்தப் பெண்களின் முதல் மூலதனம், வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விலாசம். அதைக் கொடுக்கிற திட்டம் அநேகமாக இல்லை. எடுத்துக்கொண்ட திட்டம் உண்டு.

ஈஜிபுராவை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் கோரமங்களா. இன்னொரு பக்கம் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டி, பிறகு குடியிருப்பாக மாறிய நேஷனல் கேம்ஸ் வில்லேஜ். அதை ஒட்டி ராஜேந்திர நகர், எல்.ஆர். நகர், அம்பேத்கர் நகர் என்று நெருக்கியடித்த குடிசைப் பகுதிகள். வடக்கே குழந்தை இயேசு கோவில் இருக்கும் விவேக்நகர், அங்கே வியாழக்கிழமைகளில் தமிழ் கேட்காத மூலை கிடையாது. இன்னும் கொஞ்சம் போனால் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா. பணக்காரப் பேட்டையும் ஏழைப் பேட்டையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிற இடம் இது. அந்த ஒட்டுதலில்தான் பெண்களின் சம்பாத்தியம் இருக்கிறது.

வீட்டு வேலை என்பது ஒரு வேலை கிடையாது, நாலைந்து வேலை. ஒரு பேச்சுக்குச் சொல்வோம்: காலை ஆறரைக்கு ஒரு வீட்டில் பாத்திரம், எட்டு மணிக்கு இன்னொரு வீட்டில் பெருக்கித் துடைப்பது, பத்துக்கு மூன்றாவது வீட்டில் சமையல், மத்தியானம் ஒரு வீட்டில் துணி, சாயங்காலம் முதல் வீட்டுக்கே திரும்பப் போய்ப் பாத்திரம். நடுவில் தன் வீட்டுக்கு ஓடிவந்து உலை வைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் வந்தால் பிடிக்க வேண்டும். இவ்வளவும் நடக்கக் காரணம், எல்லாமே பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருப்பது. அதே பெண்ணைச் சூலிகுண்டேயில் குடிவையுங்கள். பெங்களூரு நெரிசலில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஆறரை மணி வீடு போயிற்று. சாயங்காலப் பாத்திரமும் போயிற்று. இடைவேளையில் வீட்டுக்கு வந்து போவது நடக்காது, ஆகவே கைக்குழந்தை இருந்தால் மொத்த வேலையும் போயிற்று. கைக்குழந்தை இல்லாதவளுக்கும் மிஞ்சுவது இரண்டு, மூன்று வீடு. அதில் பேருந்துக் காசு கழியும். இடிக்கப்பட்ட வீட்டின் மதிப்பைச் சதுர அடியில் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

குவார்ட்டர்ஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-களின் தொடக்கத்தில் மாநகராட்சி கட்டிய 1,512 சிறு வீடுகள். நிலம் பதினைந்து ஏக்கருக்குச் சற்று மேல். கட்டுமானம் படுமோசம். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் சுவர் பிளந்து, சில தொகுதிகள் சரிந்து விழுந்தன. குடியிருந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். தனியார் பங்களிப்போடு புதிதாகக் கட்டலாம் என்று மாநகராட்சி முடிவெடுத்தது. கருடா மால் என்ற வணிக வளாகத்தைக் கட்டிய மாவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. பாதி நிலத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடி, மற்ற பாதியில் வணிக வளாகம் என்று ஏற்பாடு. வீடு ஒதுக்கப்பட்ட அசல் பயனாளிக்குப் புது வீடு கிடைக்கும், அவரிடம் வாடகைக்கோ கைமாற்றியோ இருந்தவருக்கு அந்த உரிமை இல்லை என்பது மாநகராட்சியின் நிலை. நீதிமன்றம் வரை போயும் வெளியேற்றத்தை நிறுத்த முடியவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பி.யு.சி.எல்.) கர்நாடகக் கிளையும் வீட்டு, நில உரிமைக்கான அமைப்பு ஒன்றும் சேர்ந்து உண்மை அறியும் அறிக்கை வெளியிட்டன. இடித்தது நாட்களில் முடிந்தது. நிலமோ அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது.

இனி திட்டங்களுக்கு வருவோம். 2023 ஜூன் 11-ல் கர்நாடக அரசு ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தமிழ்நாடு இதை 2021 மே மாதமே நகரப் பேருந்துகளில் செய்துவிட்டது. இலவசம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட பெண்ணுக்கு இதுவரை வந்ததில் மிக உருப்படியான திட்டம் இதுதான். விண்ணப்பம் இல்லை, மேலாளர் இல்லை, ஜாமீன் இல்லை. கையில் அடையாள அட்டை இருந்தால் போதும். பேருந்துக் காசு மிச்சமாவது அவளுக்குச் சம்பள உயர்வு மாதிரி. ஆனால் காலத்தைப் பாருங்கள். வேலையிலிருந்து தூரத்துக்கு விரட்டியது 2013-ல். அந்தத் தூரத்தைக் கடக்க இலவசப் பயணம் வந்தது 2023-ல். பத்து வருடத்தில் ஒரு பெண் எத்தனை வீட்டு வேலையை இழந்திருப்பாள்? டிக்கெட் இலவசமாகலாம், மூன்று மணி நேரப் பயணம் இலவசமில்லை.

அந்த அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும் என்பது விதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, ஊர் ரேஷன் கார்டை விட மனமில்லாமல் ஆதாரையும் ஊர் விலாசத்திலேயே வைத்திருக்கும் பெண்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு டிக்கெட் உண்டு.

அதே 2023 ஆகஸ்ட் 30-ல் மைசூருவில் தொடங்கிய ‘கிருஹலட்சுமி’ குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை நல்லது. இங்கும் வாசற்படி ரேஷன் கார்டு. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், கார்டில் வீட்டின் மூத்த பெண்ணையே தலைவியாகப் போடச் சொல்கிறது. எனவே மாமியார் இருக்கும் வீட்டில் பணம் மாமியாருக்கு. நாலு வீட்டில் வேலை செய்து குடும்பத்தை ஓட்டுகிற மருமகளுக்குப் பாஸ்புக்கில் வரவு இல்லை. தனிக் கார்டு வாங்கலாமே என்றால், அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். தகர ஷீட் போட்ட வீட்டுக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? எழுதித் தந்தால் வாடகைக் கணக்கு வெளியே தெரியுமே என்று வீட்டுக்காரருக்குப் பயம். விலாசம் இல்லாதவளுக்கு விலாசம் உள்ளவர்களுக்கான திட்டம் எட்டாது.

சாதிச் சான்றிதழும் சிறுபான்மைச் சான்றிதழும் இன்னொரு சுற்று. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு வந்ததும் அந்தச் சலுகை தொடராது. இட ஒதுக்கீட்டுக்கான பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொன்னது, 2018-ல் மறுபடி உறுதி செய்தது. 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்த சமயம் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே கேள்வி. ஈஜிபுராவில் ஆதி திராவிடப் பெண்ணின் பாட்டனார் எந்த வருடம் பெங்களூரு வந்தார் என்று காகிதத்தில் காட்ட முடியுமா? கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவர்கள் யாரும் வந்த தேதியை எழுதி வாங்கவில்லை.

அவள் கிறிஸ்தவளாக இருந்தால் பட்டியல் சாதியே கிடையாது. அந்த 1950 ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு 1956-ல் சீக்கியர்கள், 1990-ல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. ஆக, விவேக்நகர் கோவிலுக்குப் போகிற தலித் கிறிஸ்தவப் பெண் சிறுபான்மையினர் மேம்பாட்டுக் கழகத்துக்குத்தான் போக வேண்டும். 1986-ல் தொடங்கிய அந்தக் கழகம் மதச் சிறுபான்மையினருக்கானது. தமிழ் பேசுகிற இந்துப் பெண் மொழிச் சிறுபான்மைதான், ஆனால் அந்தக் கழகத்தின் கடன் அவளுக்கு இல்லை. ஒரே சந்தில் குடியிருந்து, ஒரே அபார்ட்மென்டில் பாத்திரம் கழுவுகிற மூன்று பெண்களுக்கு மூன்று அலுவலகம், மூன்று விதி.

கடன் திட்டங்கள் கேட்க நன்றாகவே இருக்கின்றன. மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் ‘உத்யோகினி’ 3 லட்சம் ரூபாய் வரை தொழில் கடன், பட்டியல் இனத்தவருக்குப் பாதி மானியம், மற்றவர்களுக்கு 30 சதவீதம். சிறுபான்மைக் கழகத்தின் ‘ஷ்ரம சக்தி’ 50,000 ரூபாய் வரை, 4 சதவீத வட்டி, பாதியை ஒழுங்காகக் கட்டினால் மறுபாதி தள்ளுபடி. குறை ஒன்றுதான். இரண்டும் தொழில் தொடங்கப்போகிறவளுக்கு. ஊறுகாய், அப்பளம், பியூட்டி பார்லர், தையல் என்று ஒரு திட்ட அறிக்கை வேண்டும். ஈஜிபுராவின் பெண்ணோ தொழில் தொடங்க வரவில்லை. அவள் கூலிக்காரி. தன் உழைப்பை ஐந்து வீட்டுக்கு விற்கிறாள், நல்ல விலை கிடைத்தால் போதும் அவளுக்கு. ஏழைப் பெண் என்றாலே தையல் மெஷினை நீட்டுகிற பழக்கம் நம் அதிகாரிகளுக்கு எப்போது போகும் என்று தெரியவில்லை.

அவளுக்குக் கடன் தேவைதான், தொழிலுக்கு அல்ல. பெரிய தேவை வீட்டுக்கு. பெங்களூருவில் வாடகைக்குப் போனால் அட்வான்ஸ், அதைவிடப் பெரிதாக ‘லீஸ்’. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தமிழில் போக்கியம் என்போமே, அதுதான். மாதாமாதம் வாடகைத் தொல்லை இல்லை என்பதால் வீட்டு வேலைப் பெண்கள் லீஸையே விரும்புகிறார்கள். அதற்கு ஏலச் சீட்டு, நகை அடகு, குழுக் கடன் மூன்றையும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். விண்ணப்பத்தில் ‘கறிக்கடை’ என்றோ ‘துணி வியாபாரம்’ என்றோ எழுதியிருக்கும், பணம் லீஸுக்குப் போயிருக்கும். ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பதே அவளுடைய முதலீடு, தொழில் என்று எழுதியதில் பொய் எவ்வளவு?

குழுக் கடன் கொடுப்பவர்கள் தூரத்தில் இல்லை. நகர்ப்புற ஏழைப் பெண்களுக்குக் கடன் தருவதற்கென்றே 2005-ல் பெங்களூருவில் தொடங்கிய உஜ்ஜீவன், இன்று சிறு நிதி வங்கி. அதன் தலைமை அலுவலகம் கோரமங்களாவில், ஈஜிபுராவிலிருந்து நடந்தே போகலாம். அரசுக் கழகத்தின் மானியத்துக்கு அலைந்து ஓய்ந்தவள் குழுக் கடனுக்கு வந்தால் சில நாளில் கையில் பணம். வட்டி பல மடங்கு அதிகம், ஆனால் சான்றிதழ் கேட்டு அலைக்கழிப்பு இல்லை. ஆதார், வாக்காளர் அட்டை, குழுவில் மற்ற பெண்களின் பொறுப்பு. ஏழைகள் வட்டிக்கு மட்டும் விலை பார்ப்பதில்லை, தங்கள் ஒரு நாள் கூலிக்கும் விலை பார்க்கிறார்கள். நாலு முறை அரசு அலுவலகத்துக்கு அலைந்தால் நாலு நாள் வேலை போகும், மேடம் வேறு ஆள் பார்த்துவிடுவார்.

இந்தக் கடனின் மறுபக்கத்தைக் கோலார் காட்டியது. 2009-ன் தொடக்கத்தில் கோலாரிலும், பின்னர் ராமநகரா, சித்லகட்டா போன்ற பட்டு நகரங்களிலும் முஸ்லிம் பெண்கள் வாரக் கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். அஞ்சுமன் எனப்படும் உள்ளூர் முஸ்லிம் சமூகக் குழுக்கள் கட்டவேண்டாம் என்று சொன்னதே உடனடிக் காரணம். அதற்கு அடியில் வேறு விஷயங்கள் இருந்தன. ஒரே பெண்ணுக்கு நாலைந்து நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்திருந்தன. பட்டுத் தொழில் சரிந்திருந்தது. வசூலுக்கு வரும் ஆண்கள் தெருவில் நின்று பேசுவது குடும்பத்தின் மானப்பிரச்சினையாகியிருந்தது. அடுத்த ஆண்டு ஆந்திராவில் வெடித்த நுண்கடன் நெருக்கடிக்கு அது முன்னோட்டம் என்பதைத் துறையில் இருந்தவர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார்கள். அப்படி முடிவெடுத்ததில் கடன் வாங்கிய பெண்களின் குரல் எவ்வளவு, ஊர்ப் பெரிய மனிதர்களின் குரல் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. கடன் பெண்ணின் பெயரில், முடிவு ஆண்களின் கூட்டத்தில்.

ரிசர்வ் வங்கி 2022-ல் புது விதி போட்டது: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பதே நுண்கடன், மொத்தத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு, வசூல் கொடுமைக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டி வசூலித்தால் பத்து ஆண்டு வரை சிறை. தேவையான சட்டம். ஆனால் வருமானத்தில் பாதி என்றால், எந்த வருமானம்? வீட்டு வேலைப் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அவள் வாயால் சொல்வதும் கடன் அதிகாரி எழுதிக்கொள்வதும்தான் வருமானம்.

சம்பளச் சீட்டு உள்ள பெண்கள் என்ன செய்ய முடியும் என்பதை ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, ஓசூர் சாலையில் இந்த ஊர் ஒருமுறை பார்த்தது. 2016-ல் வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி மாற்றியது. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. மறுநாளும் பெங்களூரு திணறியது. தடியடி, கல்வீச்சு, எரிந்த பேருந்துகள். ஏப்ரல் 19 மாலைக்குள் விதி திரும்பப் பெறப்பட்டது. ஆடைத் தொழிற்சாலையில் கண் மங்கி முதுகு ஒடிந்து நாற்பது வயதுக்குள் வெளியே வருகிறவளுக்கு அந்தப் பி.எஃப். பணம்தான் மகள் கல்யாணம், லீஸ் வீடு எல்லாம். வல்லுநர்கள் அதை ஓய்வுக்காலச் சேமிப்பு என்று பார்த்தார்கள், பெண்கள் அதைத் தங்கள் பணம் என்று பார்த்தார்கள். பெண்களுக்கான எந்தப் பொருளாதாரத் திட்டத்தின் துண்டறிக்கையிலும் இந்த இரண்டு நாள் இடம்பெறுவதில்லை.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தப் பலம் சுலபமாக வராது. தொழிற்சாலை வாசல் இல்லை, ஒவ்வொருத்தியும் தனித்தனி சமையலறையில். அப்படியும் பெங்களூருவில் ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதி போன்ற அமைப்புகளின் முயற்சியால் சங்கம் உருவாயிற்று. இந்தியாவில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்த முதல் மாநிலங்களில் கர்நாடகம் ஒன்று, 2004-ல். கோரமங்களாவில் அப்படி ஓர் அறிவிப்பு இருப்பது தெரிந்த வீடுகள் எத்தனை என்று கேட்டுப் பார்க்கலாம். வாரம் ஒரு நாள் விடுப்பு, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்ற கோரிக்கைகள் இன்னும் மேடத்தின் மனசைப் பொறுத்தவை.

2020 ஊரடங்கில் சங்கங்கள் சேர்ந்து 2,396 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், பத்தில் ஒன்பது பேருக்கு ஏப்ரல் சம்பளம் வரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு வேலையே போயிருந்தது. அந்தப் பெண்களில் பலருக்குக் குழுக் கடன் தவணை இருந்திருக்கும். திட்டங்கள் அவர்களைத் தொழில்முனைவோர் என்று எழுதிவைத்திருந்ததால், வேலை இழந்தவர் என்ற கணக்கில் அவர்கள் வரவில்லை.

அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் சேவா அமைப்பை முதலில் தொழிற்சங்கமாகப் பதிவு செய்தார். வங்கி வந்தது 1974-ல், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு நாலாயிரம் பெண்கள் தொடங்கியது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-ல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம் கடனையே முதல் கோரிக்கையாக எடுத்து, 1981-ல் கூட்டுறவு அமைப்பாக வளர்ந்தது. இருவரும் பெண்களைக் கேட்டுவிட்டே தொடங்கினார்கள், இருவருக்கும் வந்தவர்கள் கூடை தூக்கி விற்பவர்கள், தள்ளுவண்டிக்காரிகள். பிறகு வந்த திட்டங்கள் கடனை எடுத்துக்கொண்டன, சங்கத்தை விட்டுவிட்டன. ஈஜிபுராவுக்கு வந்து சேர்ந்தது சங்கம் இல்லாத அந்தக் கடன் பாதி மட்டும்.

வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம், ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கும் வீட்டைப் பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ பதியச் சொல்கிறது. வீடு எங்கே என்று அது சொல்வதில்லை. நிலம் மலிவாகக் கிடைக்கிற இடத்தில்தான் வீடு எழும்பும், நிலம் மலிவான இடத்தில் வீட்டு வேலை கிடைக்காது. ஊரின் நடுவில் ஏழைகளுக்கென்று ஏற்கனவே ஒதுக்கப்பட்ட நிலம், ஈஜிபுரா மாதிரி, மிகக் குறைவு. அப்படி ஒரு நிலத்தில் வீடு முதலில், மால் பிறகு என்று வரிசையை மாற்றியிருந்தால், அங்கே குடியிருந்தவர்களைக் கட்டங்கட்டமாக அங்கேயே நகர்த்தியிருந்தால், எந்தக் கடன் திட்டமும் செய்யாத வேலையை அது செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

கர்நாடகத் தொழிலாளர் துறை 2025-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை வெளியிட்டது. வேலை கொடுப்பவர் சம்பளத்தில் 5 சதவீதம் வரை நல நிதிக்குச் செலுத்த வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். குடியிருப்போர் சங்கங்கள் இந்த 5 சதவீதத்தைப் பற்றித்தான் பேசும். எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்தப் பதிவு. ஐந்து வீட்டில் வேலை செய்கிறவளுக்கு ஐந்து வீட்டுக்காரர்களும் பதிந்தால், அவள் எங்கே வேலை செய்கிறாள், எவ்வளவு வாங்குகிறாள் என்பது முதல்முறையாக அரசின் ஏட்டில் ஏறும். அதை வைத்துக் குறைந்த வட்டிக்கு வங்கியில் கேட்கலாம். அடுத்த முறை ஒரு குடியிருப்பை இடிக்க வரும்போது, இத்தனை பெண்களின் வேலை இந்த இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்டவும் ஒரு காகிதம் இருக்கும். 2013-ல் அது இல்லை.